பேசப் பயமா, பேசாத சுபாவமா?

மனநல மருத்துவர் பதில்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவருக்கு வயது 36. பெரிய நிறுவனமொன்றின் கணக்குத் தணிக்கைப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். சிக்கலான கோப்புகள் அவர் மேஜைக்குத்தான் வரும். புதிதாகச் சேருபவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவர்தான். அது தனக்கு மிகவும் பிடித்த வேலை என்கிறார். போன ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர், “தன்னம்பிக்கை போதாது. ஆளுமையை வளர்த்துக்கொள்ள வேண்டும்” என்று எழுதிவிட்டார். டீம் லீடர் பொறுப்பு, அவரைவிட அனுபவம் குறைந்த, நன்றாகப் பேசக்கூடிய ஒருவருக்குப் போனது. மீட்டிங்கில் சொல்ல நினைப்பதை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போய்விடுகிறதாம். ஒருமுறை இவர் மெல்லச் சொன்ன யோசனையையே அந்தச் சக ஊழியர் உரக்கச் சொல்லிப் பாராட்டு வாங்கினார். பிரசன்டேஷன் என்றால் முதல் நாள் தூக்கமில்லை; நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, குரல் கம்முகிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டு முறை விடுப்பே எடுத்துவிட்டார். இரண்டு ஆண்டுகளாக இந்த நிலை. இணையத்தில் செய்துபார்த்த ஆளுமைச் சோதனை ‘உள்முகச் சுபாவம்’ என்று சொல்லியிருக்கிறது. “நான் பிறவியிலேயே இப்படித்தான் போலிருக்கிறது. சுபாவத்தை மாற்ற முடியுமா? பெரிய தொகை கட்டி ஆளுமைப் பயிற்சியில் சேரலாமா? இல்லை, யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை தேடிக்கொண்டு ராஜினாமா செய்யட்டுமா? மேலாளரிடம் என் பயத்தைச் சொல்லலாமா?” என்று கேட்கிறார். தோழி ஒருத்தி பிரசன்டேஷனுக்கு முன் போட்டுக்கொள்ளும் மாத்திரையைத் தானும் போட நினைப்பதாகவும், தனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தோழியின் மாத்திரையைப் போடாதீர்கள். நீங்கள் குறிப்பிடும் புரோப்ரனோலால், இதயத்தின் மீது அட்ரினலின் செய்யும் வேலையைத் தடுக்கும். அதனால் படபடப்பும் கைநடுக்கமும் அடங்கும். மேடை நடுக்கம் உள்ள சிலருக்கு மருத்துவர்களே அதை எழுதித் தருவதுண்டு. ஆனால் மூச்சுக்குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் ஏற்பிகளையும் (ரிசெப்டர்கள்) அந்த மருந்து அடைத்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு இதனால் கடுமையான மூச்சுத்திணறல் வரலாம். அந்த நேரத்தில் இழுக்கும் இன்ஹேலரும் அதே ஏற்பிகள் வழியாக வேலை செய்வதால் போதிய பலன் தராமல் போகலாம். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய விஷயம் இது. தோழிக்கு ஒத்துக்கொண்டது என்பதை வைத்து உங்கள் விஷயத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது.

இனி மற்றவற்றுக்கு வருகிறேன். மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டு, அதற்கு ‘என் சுபாவம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒன்று, உங்கள் இயல்பு. இன்னொன்று, பலர் முன்னால் பேச உங்களுக்கு இருக்கும் பயம். மூன்றாவது, மேலாளர் உங்களைப் பற்றி எழுதிய தீர்ப்பு. இயல்புக்கு வைத்தியம் தேவையில்லை. பயத்துக்கு வைத்தியம் உண்டு, நல்ல பலனும் உண்டு. தீர்ப்புக்கு என்ன பொருள் என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

சுபாவம் வேறு, பயம் வேறு

உள்முகம் (தனிமையில் நிறைவு காண்பது), வெளிமுகம் (பிறரோடு பழகுவதில் உற்சாகம் பெறுவது) என்ற பிரிவை உலகெங்கும் பழக்கப்படுத்தியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அவருடைய கருத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியதுதான் மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும் சோதனை. நீங்கள் செய்துபார்த்தது அதன் சாயலில் வந்த ஒன்று. இந்தச் சோதனைகளின் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். அந்த நடுவில் ஒரு கோட்டைப் போட்டு, கோட்டுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் இருப்பவரை ஒரு வகை என்றும் அந்தப் பக்கம் இருப்பவரை வேறு வகை என்றும் பிரித்தால், சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி செய்யும்போது வகை மாறிப்போவதில் வியப்பில்லை. நேரம் போவதற்குச் செய்து பார்க்கலாம். பிழைப்பை முடிவு செய்ய இதைக் கேட்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் அந்தச் சோதனை தவறாகக்கூடச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. புதியவர்களுக்கு மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் என்கிறீர்கள். நெருங்கிய சகாக்களோடு இருந்தால் பேச்சை நிறுத்துவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மனிதர்களோடு பழகும் ஆசை குறைந்தவர் எழுதும் வரிகளா இவை? தனிமையில் நிறைவாக இருப்பவர் மீட்டிங்கில் பேசாமல் இருந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நீங்கள் பேசாமல் இருந்துவிட்டு இரவெல்லாம் வருந்துகிறீர்கள். ஆசை இருந்தும் பயம் வந்து தடுப்பதற்குக் கூச்சம் என்று பெயர். ஜொனதன் சீக், ஆர்னால்ட் பஸ் என்ற உளவியலாளர்கள் 1981இலேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். பழகும் ஆசை குறைவு என்பது ஒன்று, கூச்சம் என்பது இன்னொன்று என்றார்கள். அவர்கள் பார்த்தவர்களில் அதிகம் தவித்தவர்கள் யார் தெரியுமா? பழகும் ஆசையும் நிறைய, கூச்சமும் நிறைய உள்ளவர்கள். உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது அந்தத் தவிப்பைத்தான்.

சுபாவத்தை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுமை வேறுபாடுகளில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபணு சார்ந்தது என்கின்றன. மீதி, வாழ்க்கையில் உருவாகிறது. மரபணுவில் வந்ததும் கல்லில் செதுக்கியது போல் அப்படியே நிற்பதில்லை. பிரென்ட் ராபர்ட்ஸ் தலைமையில் 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 207 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரியாக 24 வாரச் சிகிச்சைக்குப் பிறகு ஆளுமைக் கூறுகளில் அளவிடக்கூடிய மாற்றம் தெரிந்தது. அதிகம் மாறியது பதற்றத்துக்கு ஆளாகும் தன்மை. அடுத்தது வெளிமுகத் தன்மை. பதற்ற நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. ஆகவே பதில், ‘ஓரளவு முடியும்’ என்பதே. ஆனால் உங்களுக்கு நான் அந்த இலக்கையே வைக்க மாட்டேன். நீங்கள் வேறு ஆளாக மாற வேண்டியதில்லை. இப்போது நாலு பேரிடம் பேசும் அதே ஆளாக, இருபது பேர் முன்னால் பேச முடிந்தால் போதும்.

மீட்டிங்கில் உங்களுக்குள் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இங்கேதான் திறவுகோல் இருக்கிறது.

பிறர் முன் பேசும் பயம் ஏன் ஆண்டுக்கணக்கில் குறையாமலே இருக்கிறது? பயப்படும் அசம்பாவிதம் நடப்பதே இல்லை. யாரும் எழுந்து சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. அப்படியானால் நாளாக ஆகப் பயம் தானாகக் குறைய வேண்டுமல்லவா? பிரிட்டிஷ் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இன்று உலகம் முழுவதும் சிகிச்சைக்கு அடிப்படையாக இருப்பவற்றில் அதுவும் ஒன்று. பயந்தவரின் கவனம் அறையிலிருந்து விலகித் தன் உடம்புக்குள் திரும்பிவிடுகிறது. நெஞ்சு எவ்வளவு அடிக்கிறது, குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று உள்ளேயே காவல் காக்கிறார். உள்ளே உணரும் படபடப்பை வைத்து, வெளியே தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறார். அந்தப் படம் எப்போதும் கோரமாகவே இருக்கும். எதிரில் இருப்பவர்கள் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அவர் கண்ணில் படுவதே இல்லை.

கூடவே, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சில உபாயங்களையும் கையாள்கிறார். உங்களுடையவற்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவை உபாயங்கள் என்று தெரியாமலே. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முழு வாக்கியங்களை எழுதி வைத்து அப்படியே படிப்பது. கை நடுங்குவது தெரியாமலிருக்கப் பேனாவை இறுக்கிப் பிடிப்பது. ஆன்லைன் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிடுவது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று மூச்சுவிடாமல் பேசுவது. எல்லாவற்றையும்விடப் பெரியது, வாயைத் திறக்கும் முன் வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகச் செய்து முடிக்கப் பார்ப்பது.

இந்தக் கடைசி ஒன்றுதான் உங்கள் வேலையை அதிகம் கெடுக்கிறது. வாக்கியம் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் பேச்சைக் கேட்பதில்லை. கேட்காததால் எங்கே நுழைவது என்று தெரிவதில்லை. நுழையாததால், “எனக்குச் சமயோசிதம் இல்லை” என்ற முடிவுக்கு வருகிறீர்கள். காத்திருக்கும் நேரத்தில் யோசனை கலைந்துபோவதில் உங்கள் கூச்சத்துக்கு மட்டும் பங்கில்லை. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஷ்ட்ரூபே இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாக உட்கார்ந்து யோசிப்பவர்கள், தனித்தனியே யோசித்துப் பிறகு சேர்த்தவர்களைவிடக் குறைவான யோசனைகளையே தந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதும், மற்றவர்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதும் அதற்கு முக்கியக் காரணம். மீட்டிங் என்ற ஏற்பாட்டுக்கே உள்ள குறை அது. அதைத் தூக்கி உங்கள் குணத்தின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த உபாயங்களின் கேடு என்னவென்றால், எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் அதன் பெருமையை அவையே வாங்கிக்கொள்கின்றன. “நல்லவேளை, எழுதி வைத்துப் படித்தேன், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும்” என்று மனது சொல்கிறது. பயம் பொய்யென்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்தது, அதுவும் வீணாகிவிட்டது. விடுப்பு எடுத்த அந்த இரண்டு நாட்கள் இதே கதையின் உச்சம். அன்று கிடைத்த நிம்மதிதான் அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வருவதற்கு வழி செய்தது.

உங்கள் நடுக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறீர்கள். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் மேடையில் பேசுபவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பேசியவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிந்த அளவை, பார்த்தவர்கள் சொன்னதைவிட அதிகமாகவே மதிப்பிட்டார்கள். எனக்கு இந்த ஆய்வில் பிடித்த பகுதி அடுத்து வருவது. பேசுவதற்கு முன் சிலரிடம், “உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது” என்று விளக்கிச் சொன்னார்கள். அந்த விளக்கத்தைக் கேட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பார்த்தவர்களும் அப்படியே சொன்னார்கள். நீங்களும் இப்போது அதைக் கேட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றையும் விடக்கூடாது. மீட்டிங் முடிந்த பிறகு இரவில் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்து ஆராய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து பாடம் கற்கிறோம் என்று தோன்றும். உண்மையில் அந்தக் கோரமான படத்துக்கு மறுபடி வண்ணம் பூசுகிறோம். மீட்டிங் முடிந்ததும் ஐந்து நிமிடம் எடுத்து, யார் என்ன சொன்னார்கள், எது முடிவானது என்பதை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுங்கள். நெஞ்சு எப்படி அடித்தது என்பதற்கு அந்த நோட்டில் இடம் கொடுக்காதீர்கள்.

முதலில் செய்கை, பிறகு நம்பிக்கை

“தன்னம்பிக்கை வந்துவிட்டால் பேசிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பலர் இதையே சொல்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒரு காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா, 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது செய்து பார்த்த அனுபவம். நீங்கள் மூன்றாவதையும் நான்காவதையும் எதிர்பார்த்து முதலாவதைத் தள்ளிப்போடுகிறீர்கள். கோப்புகளில் உங்களுக்கு இருக்கும் உறுதி எப்படி வந்தது? முதல் நாளே இருந்ததா? நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பார்த்து வந்தது.

ஆகவே சிறியதில் தொடங்குவோம். அடுத்த மீட்டிங்கின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு வரி பேசுங்கள். கேள்வியாக இருந்தாலும் போதும்: “இந்தக் கணக்கு எந்தத் தேதி வரைக்குமானது?” நேரம் போகப் போகப் பயம் ஏறும், அதனால்தான் தொடக்கத்திலேயே என்கிறேன். அந்த ஒரு வரியை முன்கூட்டியே கோக்காமல் பேசிப்பாருங்கள். தடுமாறினால் தடுமாறட்டும். பேசும்போது கவனத்தை வெளியே வையுங்கள்: யார் தலையசைக்கிறார்கள், யார் குறிப்பெடுக்கிறார்கள் என்று பாருங்கள். பேசுவதற்கு முன், “எல்லோரும் முறைப்பார்கள்” என்பது போல உங்கள் பயம் என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பேசிய பின், என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு வரி. இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள இடைவெளிதான் உங்களை மாற்றும்.

அது பழகியதும் உபாயங்களை ஒவ்வொன்றாகக் கைவிடுங்கள். ஒரு மீட்டிங்கில் கேமராவைத் திறந்து வையுங்கள். அடுத்த பிரசன்டேஷனில் முழு வாக்கியங்களுக்குப் பதில் குறிப்புச்சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவர் முன்னால் ஐந்து நிமிடம் பேசி போனில் வீடியோ எடுத்து, ஒருநாள் விட்டு, யாரோ ஒரு அந்நியரைப் பார்ப்பது போலப் பாருங்கள். உங்கள் மனதில் இருக்கும் படமும் திரையில் இருக்கும் பெண்ணும் வேறு வேறு என்பது தெரியும். சிகிச்சையில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இதற்கு நடுவில் படபடப்பு வரும். வரட்டும். அது இல்லாத நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். தன்னம்பிக்கையோடு பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கும் பலருக்கும் அது உண்டு.

நீங்கள் அனுப்பியிருந்த ஆளுமைப் பயிற்சி விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்” என்று அதில் போட்டிருக்கிறார்கள். அந்த எண்கள் 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் சொல்லவைத்து, சொல்லின் பொருளும் தொனியும் முரண்படும்போது கேட்பவர் எந்த உணர்ச்சியை எடுத்துக்கொள்கிறார் என்று மட்டுமே அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தணிக்கை அறிக்கையில் எந்த இடத்தில் தவறு என்று விளக்குபவரின் சொற்கள் 7 சதவீதம் என்றால் அதை யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே! இரண்டு நிமிடம் வீரன் போல் நின்றால் உடம்பே மாறும் என்ற வாக்குறுதியும் அதே தாளில் இருக்கிறது. அந்த வாக்குறுதிக்கு அடிப்படையாக 2010இல் வந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர் டேனா கார்னியே, அந்த விளைவு உண்மையென்று தான் நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாக அறிவித்துவிட்டார். இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். வாரந்தோறும் எழுந்து நின்று பேசவைக்கும் எளிய பேச்சுப்பயிற்சிக் குழு ஏதாவது கிடைத்தால் அதில் சேருங்கள். அங்கே நடப்பது பந்துரா சொன்ன முதல் ஊற்று.

மேலாளர் எழுதிய அந்த வரி

“தன்னம்பிக்கை போதாது” என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் செய்ய முடியாது. எந்த நாளில், எந்தச் சந்தர்ப்பத்தில், எதைச் செய்யவில்லை என்று அதில் இல்லை. பதவி உயர்வு தவறியது அநியாயமா, இல்லையா என்று நீங்கள் மாதக்கணக்கில் யோசிப்பதைவிட, அரை மணி நேரம் கேட்டு வாங்கி நேரில் இப்படிக் கேட்பது மேல்: “டீம் லீடராக ஒருவர் செய்ய வேண்டியதில் நான் எதைச் செய்யவில்லை என்று பார்த்தீர்கள்? இரண்டு உதாரணம் சொல்ல முடியுமா? ஆறு மாதத்தில் எதைப் பார்த்தால் மாறிவிட்டேன் என்பீர்கள்?” பேசி முடித்ததும், பேசியதை மூன்று வரியில் இ-மெயிலாக அனுப்பிவிடுங்கள். அடுத்த மதிப்பீட்டில் அதுதான் உங்கள் கையில் இருக்கும் அளவுகோல்.

மௌனத்துக்கு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், குழுக்களுக்குக் கணக்குகள் கொடுக்கப்பட்டன. முந்திப் பேசிய, உறுதியாகப் பேசிய ஆட்களைக் குழுவினர் திறமைசாலிகள் என்று நம்பினார்கள். உண்மையில் அவர்கள் மற்றவர்களைவிடக் கணக்கில் கெட்டிக்காரர்களாக இல்லை. 94 சதவீதக் கணக்குகளில் முதலில் சொல்லப்பட்ட விடையே குழுவின் இறுதி விடையானது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. மனிதர்கள் இப்படித்தான் எடை போடுகிறார்கள் என்பதால், உங்கள் வேலை தானாகவே பேசும் என்று இருந்துவிட முடியாது.

அதே சமயம், தலைமைக்கு உரத்த குரல் வேண்டும் என்பதும் பாதி உண்மைதான். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜீனோ, டேவிட் ஹாஃப்மன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே முன்வந்து யோசனை சொல்லும் ஊழியர்கள் இருந்த இடங்களில், அடக்கமான தலைவர்களின் கீழ் இருந்த குழுக்கள் நன்றாகச் செயல்பட்டன. தலைவர் சொன்னதை மட்டும் செய்யும் ஊழியர்கள் இருந்த இடங்களில் வெளிமுகத் தலைவர்கள் எடுபட்டார்கள். கேட்கத் தெரிவதும் தலைமைத் தகுதிதான். புதியவர்களை நீங்கள் உருவாக்கியதை ஏன் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதவே இல்லை? அது டீம் லீடர் செய்யும் வேலையல்லவா?

பெண் என்பதால் உங்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. தயங்கினால் தன்னம்பிக்கை இல்லை என்பார்கள். உறுதியாகப் பேசினால் பழகத் தெரியாதவள் என்பார்கள். சமூக உளவியலாளர் லாரி ரட்மன் 1998 முதலே இந்த இரட்டை நெருக்கடியை ஆய்வுகளில் காட்டி வருகிறார். உங்கள் கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தத் தகுதி யாரிடம் எப்படி அளக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, நிறுவனத்தின் ஹெச்.ஆர். விதிகளில் மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் வழியும் காலக்கெடுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பதவி உயர்வைத் தீர்மானிப்பது பொதுவாக நிர்வாகத்தின் அதிகாரம். பாலினத்தைக் காரணமாக வைத்து மறுக்கப்பட்டதற்குச் சான்று இருந்தால் அது வேறு விஷயம், அதற்கு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படியொரு சான்று எனக்குத் தெரியவில்லை.

யோசனை பறிபோனதைப் பற்றி: அந்தச் சக ஊழியர் வேண்டுமென்றே செய்தார் என்று எடுத்துக்கொண்டீர்கள். செய்திருக்கலாம். நீங்கள் சொன்னது யார் காதிலும் சரியாக விழாமலும் இருந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கத் தேவையில்லை. அடுத்த முறை மீட்டிங்குக்கு முந்தைய நாளே உங்கள் யோசனையை நாலு வரியில் எல்லோருக்கும் மெயிலில் அனுப்புங்கள். அங்கே யாராவது அதை எடுத்துப் பேசினால், “நேற்று அனுப்பியிருந்தேனே, அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்” என்று தொடருங்கள். சண்டையும் இல்லை, பெயரும் உங்களிடம் நிற்கும்.

ராஜினாமாவும் சிகிச்சையும்

பேசவே தேவையில்லாத வேலையைத் தேடிப் போகாதீர்கள். பயத்துக்காக விடும் வேலை, அந்தப் பயத்தைத் தீர்க்காது. அதற்கு இன்னொரு அறையைத் திறந்துவிடும். வேறு காரணங்களுக்காக விலகுவது தவறில்லை. தவறு செய்தால் எல்லோர் முன்னும் அவமானப்படுத்துகிறார்களா? கேள்வி கேட்பவரை நக்கலடிக்கிறார்களா? மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கு மேலாளர் பதிலே தர மறுக்கிறாரா? அச்சமின்றிப் பேசக்கூடிய சூழல் குழுக்களின் கற்றலுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஏமி எட்மன்ட்சன் 1999இலேயே காட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட சூழல் இல்லாத இடத்தை விட்டுப் போவது தெளிவான முடிவாக இருக்கலாம். அதையும் சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, கையில் இன்னொரு வேலை இருக்கும்போது எடுங்கள்.

சிகிச்சை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையோ வேலையையோ கெடுத்து, தவிர்த்து ஓடவும் வைத்தால் அது சமூகப் பதற்ற நோயா என்று பரிசோதிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு ஆண்டுகளாகிறது, விடுப்பும் எடுத்திருக்கிறீர்கள். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்கப் போதுமான காரணம் இருக்கிறது. சி.பி.டி. எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சைதான் இதற்கு முதலில் தரப்படுவது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கிளார்க்-வெல்ஸ் முறையில் தலா 90 நிமிடமாக 14 அமர்வுகள் வரை, சுமார் நான்கு மாதம் என்று அளவு சொல்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. தினமும் எடுக்க வேண்டிய அந்த வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நினைத்தபோது நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் உங்கள் ஆஸ்துமாவை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேலாளரிடம் சொல்வதா? நோயின் பெயரை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாது, அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள்தான் அறிவீர்கள். சில நாடுகளின் சட்டங்களில் இத்தகைய பாதிப்புக்காகப் பணியிடத்தில் நியாயமான வசதிகள் கேட்க வழியுண்டு; அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டால் மருத்துவச் சான்றோடு ஹெச்.ஆர். வழியாகக் கேட்பது நல்லது. மற்றபடி, நோயைச் சொல்லாமலே தேவையைச் சொல்லலாம்: “மீட்டிங்கின் விஷயங்களை ஒருநாள் முன்பே தந்தால் என்னால் நன்றாகப் பங்களிக்க முடியும். அடுத்த மாதப் பிரசன்டேஷனில் ஒரு பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.” இதில் இரண்டாவது வாக்கியத்தைத் தவறாமல் சொல்லுங்கள். வசதியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் அதுவும் இன்னொரு உபாயமாகிவிடும்.